படத்துல விழாத பாதி

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. அறிவியல் பதிவுன்னதும் ஓடிடாதீங்க. ஃபார்முலா ஒண்ணுகூட கிடையாது.

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியோட படத்தைப் பார்க்காதவங்க நம்மள்ல ரொம்பக் குறைவு. சாய்ஞ்சு கிடக்கிற ஒரு தட்டு, நடுவுல மஞ்சளா ஒரு வெளிச்சம், ஓரத்துல நீலமா சுருள் கைகள். பாதிப் பேரோட கம்ப்யூட்டர்ல வால்பேப்பரே அதுதான். அழகான படம், மறுக்கல. ஆனா அந்தப் படம் நமக்கு ஒரு தப்பான பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக்குடுத்துடுச்சு. வெளிச்சம் எங்க முடியுதோ அங்க கேலக்ஸியும் முடிஞ்சுடுதுங்கிற பாடம்.

முடியல சாமி. அங்கதான் ஆரம்பிக்குது.

அந்த வெளிச்சத் தட்டு ஏறத்தாழ 2 லட்சம் ஒளியாண்டு அகலம். அதைச் சுத்தி ஒரு மெல்லிய வாயு மண்டலம் இருக்கு. அது எவ்வளவு தூரம் போகுதுன்னு 2020-ல நிக்கோலஸ் லெஹ்னர் குழு ஹப்பிள் தொலைநோக்கியை வச்சு அளந்து சொன்னாங்க: 13 லட்சம் ஒளியாண்டு, சில திசைகள்ல 20 லட்சம் ஒளியாண்டு வரைக்கும். ஆண்ட்ரோமீடாவே நம்மகிட்டயிருந்து 25 லட்சம் ஒளியாண்டு தூரத்துலதான் இருக்கு. நம்ம பால்வீதிக்கும் இதே மாதிரி ஒரு மண்டலம் இருக்கிறதால, ரெண்டும் இப்பவே ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கலாம்னு சொல்றாங்க. ஆண்ட்ரோமீடாவோட வாயு நம்ம கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா, வானத்துல சப்தரிஷி மண்டலத்தோட அகலத்தைப் போல மூணு மடங்கு பெருசா விரிஞ்சு கிடக்கும்.

ஆங்கிலத்துல இதுக்கு சர்க்கம்கேலக்டிக் மீடியம்னு பேரு. வாயில நுழையாது. இந்தப் பதிவுல 'சூழ்வாயு'ன்னு வச்சுக்குவோம். நல்ல தமிழ்ச் சொல் யாராவது குடுத்தா மாத்திக்கிறேன்.

நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, கேலக்ஸியோட கதையில பாதி இந்தச் சூழ்வாயுவுலதான் இருக்கு. ரெண்டு, நம்ம பக்கத்து கேலக்ஸிகள்ல இதைச் சரியாப் படிக்க மனுஷங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு நல்ல கண்ணு. அதுக்கும் வயசாயிடுச்சு, மாத்துக் கண்ணு தயாரா இல்ல. இதைப் பத்தி யாரும் கவலைப்படற மாதிரியே தெரியல.

முதல்ல சூழ்வாயு எவ்வளவு மெலிசுன்னு பார்ப்போம். நாம மூச்சு விடற காத்துல ஒரு கன சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற மூலக்கூறுகள் 25 போட்டு 18 பூஜ்யம் போடற அளவுக்கு. சூழ்வாயுவுல ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து மூடினா உள்ள ஒண்ணு ரெண்டு அணு மாட்டும். இன்னும் வெளிய போனா ஒரு குடத்துக்கு ஒரு அணு. நம்ம ஆய்வகங்கள்ல உருவாக்கற வெற்றிடம் எல்லாம் இதுக்கு முன்னாடி மார்க்கெட் நெரிசல்.

இவ்வளவு மெலிசா இருந்தா அதுல என்ன இருந்துடப் போகுதுன்னு தோணும். இடம் பெருசு ஐயா, அதுதான் விஷயம். குடத்துக்கு ஒரு அணு வீதம் பல லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நிரப்பிப் பாருங்க. 2014-ல ஜெசிகா வெர்க் குழு போட்ட கணக்குப்படி, பால்வீதி சைஸ் கேலக்ஸியைச் சுத்தி இருக்கிற வாயுவுல குளிர்ச்சியான பகுதி மட்டுமே 6,500 கோடி சூரியன்களோட எடைக்குக் குறையாது. (குளிர்ச்சின்னா இங்க 10,000 டிகிரி. வானியல்காரங்க அகராதியே தனி.) பால்வீதியில உள்ள அத்தனை நட்சத்திரங்களையும் தராசுல வச்சாலும் 5,000, 6,000 கோடி சூரியன் எடைதான் வரும். வால்பேப்பர்ல தெரியற எல்லாத்துக்கும் சமமா ஒரு எடை, படத்துல விழாம வெளிய நிக்குது.

அந்த எடை சும்மா நிக்கல. பால்வீதியில வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சூரியன் எடைக்குப் புது நட்சத்திரங்கள் பிறக்குது. தட்டுக்குள்ள இப்ப கைவசம் இருக்கிற வாயுவை வச்சுப் பார்த்தா, இந்த வேகத்துல சில நூறு கோடி வருஷத்துல சரக்கு தீர்ந்துடணும். ஆனா பால்வீதி 1,000 கோடி வருஷத்துக்கு மேல கடை நடத்திக்கிட்டு இருக்கு. அப்ப சரக்கு எங்கிருந்தோ வந்துக்கிட்டே இருக்கணும். வெளிய இருந்துதான் வருது.

போறதும் அங்கதான். நட்சத்திரங்கள் வெடிக்கும்போது உள்ள சமைச்சு வச்ச ஆக்சிஜன், கார்பன், இரும்பு எல்லாம் சிதறுது. அதுல பெரும்பகுதி கேலக்ஸியைத் தாண்டி வெளிய போயிடுது. 2014-ல மோலி பீப்பிள்ஸ் குழு போட்ட வரவு செலவுக் கணக்குல, நட்சத்திரங்கள் இதுவரைக்கும் உண்டாக்கின கன தனிமங்கள்ல 20, 25 சதவீதம்தான் இன்னும் கேலக்ஸிக்குள்ள தங்கியிருக்கு. மிச்சத்துல ஒரு பெரும் பங்கு சூழ்வாயுவுல. அதுல கொஞ்சம் திரும்ப உள்ள விழுந்து அடுத்த தலைமுறை நட்சத்திரமாவும் கிரகமாவும் ஆகுது. நம்ம உடம்புல இருக்கிற கார்பன்ல ஒரு பங்கு, ஒரு காலத்துல பால்வீதியை விட்டு வெளிய போய்ட்டு வந்ததா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வெளிநாடு போய் செட்டில் ஆகாம ஊருக்குத் திரும்பின கார்பன்.

சரி, கண்ணுக்கே தெரியாததை எப்படி எடை போட்டாங்க? எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்சது இதுதான்.

மெல்லிய வாயு தானா வெளிச்சம் விடும்போது, அந்த வெளிச்சம் அடர்த்தியோட வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தி பத்துல ஒரு பங்கா குறைஞ்சா வெளிச்சம் நூறுல ஒரு பங்கா விழுந்துடும். அதனால நேரா பார்க்கிறது படுகஷ்டம். ஆனா பின்னாடி ஒரு விளக்கு இருந்து, அந்த வெளிச்சம் வாயு வழியா நம்மகிட்ட வந்தா, வாயு உறிஞ்சற அளவு அடர்த்தியோட நேர் விகிதத்துலதான் குறையும். பத்துல ஒண்ணா குறைஞ்சா பத்துல ஒண்ணுதான். ஆக, வாயுவைத் தேடாதே, அதோட நிழலைத் தேடு.

விளக்கு யாரு? குவாசர். கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால, ராட்சதக் கருந்துளையைச் சுத்தி எரியற விளக்கு. 1963-ல மார்ட்டின் ஷ்மிட் 3சி 273-ங்கிற குவாசரோட தூரத்தைக் கண்டுபிடிச்சார். 1969-ல ஜான் பாகாலும் லைமன் ஸ்பிட்ஸரும், குவாசர் நிறமாலையில தெரியற கருப்புக் கோடுகள் வழியில இருக்கிற கேலக்ஸிகளோட சூழ்வாயு போட்ட நிழலா இருக்கலாம்னு எழுதினாங்க. 1980-கள்லயும் 1991-லயும் ஜாக்குலின் பெர்ஜெரோன் மாதிரி ஆளுங்க, கோடு இருந்த இடத்துல நிஜமாவே பக்கத்துல ஒரு கேலக்ஸி இருக்கிறதைக் காட்டினாங்க.

ஸ்பிட்ஸர் பேரை ஞாபகம் வச்சுக்குங்க. 1956-லயே இந்த மனுஷன் பால்வீதிக்கு ஒரு வெப்ப மண்டலம் இருக்கணும்னு சொல்லிட்டார். தட்டுக்கு ரொம்ப மேல சில வாயு மேகங்கள் கலையாம நிக்குது, அதைக் கலையவிடாம வெளிய இருந்து ஏதோ அழுத்துது, அப்ப அங்க லட்சக்கணக்கான டிகிரி சூட்டுல மெல்லிய வாயு இருக்கணும்னு. அதைப் பார்க்கணும்னா புற ஊதாக் கதிர்ல பார்க்கணும், அதுக்கு விண்வெளிக்குப் போகணும்னும் சொன்னார். அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி, 1946-ல, ஸ்புட்னிக் பறக்கிறதுக்கு 11 வருஷம் முன்னாடியே, விண்வெளியில தொலைநோக்கி வைக்கணும்னு அறிக்கை எழுதினவரும் இவர்தான். ஹப்பிளோட விதை அது.

ஏன் விண்வெளி? சூழ்வாயுவுல முக்கியமான தடயங்கள் எல்லாம் புற ஊதாவுலதான் விழுது. ஹைட்ரஜனோட பிரதான கோடு 121.6 நானோமீட்டர். அஞ்சு எலெக்ட்ரானை இழந்த ஆக்சிஜனோட ஜோடிக் கோடு 103 நானோமீட்டர் பக்கம். நம்ம வளிமண்டலமோ 300 நானோமீட்டருக்குக் கீழ எதையும் தரைக்கு விடாது. ஓசோன் நம்ம தோலைக் காப்பாத்துது, வானியல்காரங்களைக் கைவிடுது.

2009 மே மாசம், விண்வெளி வீரர்கள் கடைசி தடவையா ஹப்பிளுக்குப் போய் சி.ஓ.எஸ். என்கிற புற ஊதா நிறமாலைமானியை மாட்டிட்டு வந்தாங்க. அந்தப் பயணமே நடந்திருக்காது. 2003 கொலம்பியா விபத்துக்கு அப்புறம், 2004 ஜனவரியில நாசா தலைவர் ஷான் ஓ'கீஃப் அதை ரத்து பண்ணார். எதிர்ப்பு கிளம்பி, 2006 அக்டோபர்ல அடுத்த தலைவர் மைக்கேல் கிரிஃபின்தான் திரும்ப அனுமதி குடுத்தார். அந்த ஒரு கையெழுத்து விழலைன்னா நான் மேல எழுதின எண்கள்ல பாதி இன்னிக்கு இருக்காது.

அந்தக் கருவி வந்து ரெண்டே வருஷத்துல, 2011-ல, ஜேசன் டம்லின்சன் குழு 42 கேலக்ஸிகளோட சூழ்வாயுவைப் பார்த்தாங்க. நட்சத்திரம் பிறந்துக்கிட்டு இருக்கிற 30 கேலக்ஸிகள்ல 27-ல அந்தச் சூடான ஆக்சிஜன் கிடைச்சது. பிறப்பு நின்னுபோன 12-ல 4-ல மட்டும்தான். அடுத்த வருஷமே இன்னொரு திருப்பம். நின்னுபோன கேலக்ஸிகளைச் சுத்தியும் குளிர்ந்த ஹைட்ரஜன் தாராளமா இருக்குன்னு தெரிஞ்சது. பானையில அரிசி இருக்கு, அடுப்பு மட்டும் எரியல. யார் அணைச்சது? இன்னிக்கு வரைக்கும் ஒருமித்த பதில் இல்ல. கேலக்ஸிகள் ஏன் சாகுதுங்கிற கேள்வி இந்த இடத்துலதான் மாட்டிக்கிட்டு நிக்குது.

இந்த முறையில ஒரு பெரிய குறை இருக்கு. பெரும்பாலான கேலக்ஸிக்குப் பின்னாடி சரியான இடத்துல ஒரு குவாசர் அமைஞ்சாலே அதிர்ஷ்டம். ஒரு கேலக்ஸிக்கு ஒரே ஒரு ஊசித்துளை. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்ம வீட்டுல சொல்வாங்க. சோத்துப் பானை சீரா வேகும், அதனால அது சரி. சூழ்வாயு சீரா வேகாது. ஒரு பக்கம் உள்ள விழற குளிர்ந்த மேகம், இன்னொரு பக்கம் வெளிய சீறற சூடான காத்து. 42 பானையில ஒவ்வொரு சோறு எடுத்து, எல்லாம் ஒரே பானைன்னு வச்சுக்கிட்டு பதம் சொல்ற மாதிரிதான் இதுவரைக்கும் நடக்குது. ஆண்ட்ரோமீடா பக்கத்துல இருக்கிறதால, வானத்துல பெருசா இருக்கிறதால, அதுக்கு மட்டும் 43 குவாசர் அமைஞ்சது. நிஜமான வரைபடம் மாதிரி ஒண்ணு கிடைச்சது அங்கதான்.

குறையைத் தீர்க்க வழி என்ன? நிறைய ஊசித்துளை. மங்கலான குவாசர்களையும் பார்க்கிற பெரிய புற ஊதா தொலைநோக்கி.

இப்ப வழக்கமா வர்ற மூணு ஆட்சேபணைக்கு வர்றேன்.

ஒண்ணு: "அதான் ஜேம்ஸ் வெப் இருக்கே?" இருக்கு, பிரமாதமா வேலை செய்யுது. ஆனா அது அகச்சிவப்பு தொலைநோக்கி. ரொம்ப தூரத்து, பழைய காலத்து கேலக்ஸிகளோட புற ஊதாக் கோடு நீண்டு நீண்டு கண்ணுக்குத் தெரியற ஒளியாவும் அகச்சிவப்பாவும் மாறிடும், அதைத் தரையிலிருந்தும் வெப்பிலிருந்தும் பார்க்கலாம். நம்ம அக்கம்பக்கத்து கேலக்ஸிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடந்த சில நூறு கோடி வருஷத்துக் கதை புற ஊதாவுலதான் எழுதியிருக்கு. குழந்தைப் பருவ ஆல்பம் கைக்கு வந்தாச்சு, நேத்து எடுத்த போட்டோவைப் பார்க்கக் கண்ணாடி இல்லைன்னா எப்படி?

தரையிலிருந்தும் முயற்சி நடக்குது. 2024-ல நிகோல் நீல்சன் குழு, ஹவாய்ல இருக்கிற கெக் தொலைநோக்கியை வச்சு, 27 கோடி ஒளியாண்டு தூரத்துல உள்ள ஒரு கேலக்ஸியோட வாயுவை, நிழலா இல்லாம நேரடி வெளிச்சமாவே 1 லட்சம் ஒளியாண்டு தூரம் வரைக்கும் தொடர்ந்து பார்த்தாங்க. அபாரமான வேலை. ஆனா அதுவும் உள்வட்டம், அதுவும் கண்ணுக்குத் தெரியற ஒளியில கோடு விடற 10,000 டிகிரி வாயு. அதைவிட சூடான பாகம் புற ஊதாவுக்குத்தான் காத்திருக்கு.

ரெண்டு: "சிமுலேஷன் பண்ணிப் பார்த்தா போதாதா?" கோடு எழுதிச் சோறு திங்கறவன் நான், இதுக்கு மட்டும் கொஞ்சம் உரிமையோட பதில் சொல்றேன். ஈகிள், இல்லஸ்டிரிஸ் டி.என்.ஜி.ன்னு பெரிய சிமுலேஷன்கள் இருக்கு. எல்லாத்துலயும் கேலக்ஸியோட நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட நிஜம் மாதிரியே வருது. ஆனா சூழ்வாயு எவ்வளவு, எங்கன்னு கேட்டா ஆளுக்கொரு பதில். ஏன்னா கருந்துளையும் வெடிப்பும் வாயுவை எப்படித் தள்ளுதுங்கிறதை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமா எழுதியிருக்காங்க. டெஸ்ட் கேஸ் எல்லாம் நட்சத்திரத்துக்கு எழுதியிருந்தா, நட்சத்திரம் பாஸ் ஆகத்தான் செய்யும்.

இன்னொண்ணு, இந்த மாதிரி நிரல்கள் அடர்த்தி இருக்கிற இடத்துலதான் கட்டங்களைப் பொடிசா வெட்டும். மெலிசான இடத்துல பெரிய பெரிய கட்டமா விட்டுடும், நேரம் மிச்சம் பண்ண. ஆக, சூழ்வாயுதான் மங்கலா வரும். 2019-ல பீப்பிள்ஸ் குழு, ஃபாகி-ங்கிற சிமுலேஷன்ல, அங்கயும் பொடிசா வெட்டிப் பார்த்தாங்க. அதுவரைக்கும் வழுவழுன்னு தெரிஞ்ச வாயு, துண்டு துண்டா, இழை இழையா பிரிஞ்சு வந்தது. நாம பார்க்காத இடத்துல கம்ப்யூட்டரும் பார்க்கல. எந்த நிரல் சரின்னு தீர்ப்பு சொல்ல வேண்டியது தொலைநோக்கிதான்.

மூணு: "இதெல்லாம் அமெரிக்காக்காரன் பார்த்துப்பான்." பார்த்துக்கிற லட்சணத்தைப் பாருங்க. ஹப்பிள் 1990 ஏப்ரல்ல போனது. 2024 ஜூன்ல இருந்து ஒரே ஒரு ஜைரோஸ்கோப்பை வச்சு ஓட்டறாங்க, இன்னொண்ணைக் கைக்காவலுக்கு வச்சுக்கிட்டு. சி.ஓ.எஸ்.-ஓட உணரி, வெளிச்சம் விழவிழத் தேயற வகை. அதனால அப்பப்ப வெளிச்சம் விழற இடத்தை நகர்த்தி நகர்த்தி ஆயுளை நீட்டறாங்க. 2030-களின் நடுப்பகுதி வரைக்கும் ஹப்பிள் ஓட நல்ல வாய்ப்பு இருக்குன்னு 2024-ல நாசா சொல்லுச்சு. ஓடட்டும், சந்தோஷம். அடுத்த பெரிய ஆள் எப்ப வருவார்? 2021 நவம்பர்ல வந்த அமெரிக்க வானியலாளர்களோட பத்தாண்டுத் திட்ட அறிக்கை, சுமார் 6 மீட்டர் தொலைநோக்கி வேணும்னு சிபாரிசு பண்ணுச்சு. அது புற ஊதாவும் பார்க்கும். பறக்கிறது 2040-கள்ல. நடுவுல யூவெக்ஸ்னு ஒண்ணு 2024-ல தேர்வாச்சு, 2030-ல ஏவறதா திட்டம். ஆனா அதோட பிரதான வேலை முழு வானத்தையும் அலசறது. 2021-ல தேர்வான ஆஸ்பெரா சின்ன செயற்கைக்கோள், சூழ்வாயுவுக்காகவே பிறந்தது, பக்கத்து கேலக்ஸிகள்ல சூடான ஆக்சிஜனோட வெளிச்சத்தையே தேடப்போகுது. நல்ல முயற்சி. ஆனா சின்னது.

ஹப்பிள் திடீர்னு நின்னா, நுட்பமான புற ஊதா நிறமாலை எடுக்க அந்த அளவுக்கு ஒண்ணுமே இல்லாம பத்து வருஷம் போகலாம். பத்து வருஷம்னா, இன்னிக்கு பி.எச்.டி. சேர்ற பொண்ணு வேற துறைக்குப் போயிடுவா. கருவி போனா இன்னொண்ணு செய்யலாம், அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் போனா?

இங்கதான் நம்ம பங்கு வருது. இந்தியாவுக்குப் புற ஊதா புதுசு இல்ல. 2015 செப்டம்பர் 28-ல இஸ்ரோ ஏவின ஆஸ்ட்ரோசாட்ல புற ஊதா தொலைநோக்கி போச்சு. 38 சென்டிமீட்டர் கண்ணாடி ரெண்டு, பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்ன நின்னு கட்டினது. படம் எடுக்கிறதுல அதோட கூர்மை உலகத் தரம். நிழல் படிக்கிற கலையிலயும் நம்ம ஆளுங்க சளைச்சவங்க இல்ல. புனே ஐயூகா-வில இருக்கிற ஸ்ரீஆனந்த், குவாசர் வெளிச்சத்துல விழுந்த ஒரு வாயு மேகத்தோட நிழலை வச்சே, பல நூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி பிரபஞ்சம் எவ்வளவு சூடா இருந்ததுன்னு 2000-ல சக ஆய்வாளர்களோட சேர்ந்து அளந்து காட்டினார். அதே பெங்களூர் நிறுவனம் இன்சிஸ்ட்-ங்கிற பேர்ல, நிறமாலையும் எடுக்கக்கூடிய ஒரு மீட்டர் அளவு விண் தொலைநோக்கியை முன்மொழிஞ்சிருக்கு. ஆளும் இருக்கு, அனுபவமும் இருக்கு.

சந்திரனுக்குப் போறதுக்குக் கைதட்டின நாம, இதுக்கும் கொஞ்சம் சத்தம் போடலாம். நிலாவுல கொடி நட்டா பேப்பர்ல முதல் பக்கம். புற ஊதா நிறமாலைமானி வெச்சா, ஒரு வளைகோடும் அதுல ரெண்டு பள்ளமும்தான் கிடைக்கும். வால்பேப்பருக்கு ஆகாது. ஆனா இந்த உலகத்துல மத்தவங்க காலி பண்ணிட்டுப் போற ஒரு இடம், நடுத்தர பட்ஜெட்டுல நாம போய் உட்காரக்கூடிய இடம், இது மாதிரி இன்னொண்ணு சட்டுனு கிடைக்காது. செலவுக் கணக்கு கேக்கறவங்க நியாயமாத்தான் கேக்கறாங்க. அவங்களுக்கு என் பதில், எல்லாத்தையும் செய்யற ராட்சதத் தொலைநோக்கி வேண்டாம், இந்த ஒரு வேலையை ஒழுங்கா செய்யற ஒண்ணு போதும்ங்கிறதுதான்.

அந்த ரெண்டு பள்ளத்துலதான், பால்வீதிக்கு அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வருதுங்கிற பதில் இருக்கு.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம். குறிப்பா "இதுக்கு பதிலா ரோடு போடலாமே" கட்சிக்காரங்க. உங்ககிட்ட சண்டை போடத்தான் ரெடியா இருக்கேன்.